காஜுலு லட்சுமிநரசு செட்டி: அவுரி வியாபாரத்திலிருந்து சட்டசபை வரை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஜார்ஜ் டவுன் தெருக்களில் நண்பர்களையும் கல்லூரிப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு காலை நேரத்தில் நடப்பது என் வழக்கம். பழைய வணிகர்கள் கதை வரும்போது லட்சுமிநரசு செட்டி பேரைச் சொல்வேன். பெரும்பாலோர் "யார் அது?" என்பார்கள். அதற்கப்புறம் வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அவற்றைத்தான் இங்கே வரிசையாக எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

யார் இவர்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1806-இல் சென்னையில் பிறந்து 1868-இல் மறைந்த வணிகர். துணியும் அவுரியும் விற்றுச் சேர்த்த பணத்தில் 1844-இல் 'கிரெசென்ட்' என்ற ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார். 1852-இல் 'மெட்ராஸ் நேட்டிவ் அசோசியேஷன்', அதாவது சென்னைச் சுதேசிகள் சங்கம் அமைய முன்னின்றார். சென்னை மாகாணத்தில் அரசியலுக்கென்றே எழுந்த முதல் இந்திய அமைப்பு அதுதான். காங்கிரஸ் பிறப்பதற்கு 33 ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது. கடைசியில் சட்டசபை உறுப்பினராகவும் ஆனார். சாகும்போது கையில் பணம் இல்லை.

'காஜுலு' என்றால் என்ன?

தெலுங்கில் வளையல்கள். குடும்பப் பெயராக முன்னால் நிற்கிறது. வீட்டில் தெலுங்கு பேசிய வணிகக் குடும்பம். அந்தக் காலத்துச் சென்னையில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் கலந்து புழங்கியவைதான்.

என்ன வியாபாரம் செய்தார்?

தந்தை சித்துலு செட்டி துணி, அவுரி வியாபாரி. மகன் பெரிய பள்ளிப் படிப்பு இல்லாமல் அதே தொழிலில் இறங்கினார், நன்றாகவே செய்தார்.

அவுரி என்றால் இன்று பலருக்கும் சித்த மருந்துக்கடைப் பொடிதான் நினைவுக்கு வரும். அன்று அது உலகச் சந்தைச் சரக்கு. செடியை அறுத்துத் தொட்டியில் ஊறப்போடுவார்கள். தழை புளித்து நீர் பச்சை கலந்த மஞ்சளாகும். அந்த நீரை வேறு தொட்டிக்கு இறக்கி, ஆட்கள் இறங்கித் துடுப்பால் அடித்துக் கலக்குவார்கள். காற்றுப் பட்டதும் நீர் நீலமாகும், நீலம் மெல்ல அடியில் படியும். வடிகட்டி, அழுத்தி, கட்டியாக அறுத்து, நிழலில் காயவைத்துப் பெட்டியில் அடைத்தால் கப்பலுக்குத் தயார்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அவுரியை விளைவிப்பவன் ரைத்து, அதாவது விவசாயி. துணியை நெய்பவன் நெசவாளி. சென்னையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் வியாபாரிக்கு மழை பெய்ததா, விலை விழுந்ததா, கிஸ்தி (நிலவரித் தவணை) கட்ட முடிந்ததா என்பதெல்லாம் ஊர்ச்செய்தி மட்டும் இல்லை, சரக்கு வருமா வராதா என்ற கேள்வி. பின்னால் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போன மனுவில் விவசாயியின் பாரமும் நெசவாளியின் வரியும் அவ்வளவு இடம் பிடித்ததற்கு இந்தத் தொழில் உறவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

வியாபாரிக்குப் பத்திரிகை எதற்கு?

1840-களின் சென்னையை மனதில் கொண்டுவந்தால்தான் இது புரியும். கவர்னர் ட்வீடேல் பிரபு, மிஷனரிகளுக்கு வெளிப்படையாக ஆதரவு காட்டியவர். ஊரில் இருந்த ஆங்கிலப் பத்திரிகைகள் வெள்ளைக்காரர்களுடையவை, அவர்களுக்காகவே எழுதப்பட்டவை. ஊர்க்காரன் ஒரு குறையைச் சொல்ல நினைத்தால் அரசாங்கம் படிக்கிற மொழியில் அச்சேற்ற ஓர் இடம் கிடையாது.

அந்த இடத்தைச் செட்டியார் தன் காசில் உண்டாக்கினார். 1844 அக்டோபரில் 'கிரெசென்ட்' வெளிவந்தது. ஆசிரியராக எட்வர்ட் ஹார்லி என்ற ஆங்கிலேயரை அமர்த்தினார். இந்துக்களின் நிலையை உயர்த்துவதே நோக்கம் என்று பத்திரிகை அறிவித்துக்கொண்டது.

எதிர்ப்பு உடனே வந்தது. பத்திரிகை தொடங்குவதைப் பற்றிய விளம்பரத்தை அரசாங்கக் கெஜட்டில் போடக் கேட்டார்கள், மறுத்துவிட்டார்கள். மற்றவர்களுக்குக் கிடைத்த சலுகை இவருக்குக் கிடைக்கவில்லை. பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் "விளம்பரம்தானே" என்பார்கள். கடை திறந்தவன் வாசலில் பலகை மாட்டக்கூடாது என்றால் எப்படி இருக்கும் என்று கேட்பேன், அப்போது புரிந்துவிடும்.

அப்படியானால் இது மதச் சண்டையில் தொடங்கிய அரசியல்தானா?

ஆமாம், தொடக்கம் அங்கேதான். 1845-இல் ஒரு சட்ட வரைவு வந்தது. மதம் மாறியவருக்கும் குடும்பச் சொத்தில் பங்கு உண்டு என்ற ஏற்பாடு அதில் இருந்தது. செட்டியாரும் நண்பர்களும் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த ஏற்பாடு 1850-இல் சட்டமாகவே ஆனது. 1846-இல் ட்வீடேல், அரசாங்கம் நடத்திய உயர்பள்ளியில் பைபிளைப் பாடமாக வைக்க வேண்டும் என்றார். இதற்கும் எதிர்ப்பு கிளம்பியது. இந்த முறை லண்டனில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி டைரக்டர்களே கவர்னரின் யோசனையை ஏற்கவில்லை.

இதில் இரண்டு பக்கத்தையும் பார்க்க வேண்டும். அரசாங்கப் பணத்தில் நடக்கும் பள்ளியில் ஒரு மதத்தின் நூலைத் திணிக்கக்கூடாது என்றது நியாயமான கோரிக்கை. ஆனால் மதம் மாறியவனுக்குச் சொத்தில் பங்கு இல்லை என்று வாதாடியதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. அன்று கிறிஸ்தவத்துக்குப் போனவர்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதியார். படிப்பும் கொஞ்சம் மரியாதையும் கிடைக்கும் கதவாக அவர்கள் அதைப் பார்த்தார்கள். அவர்கள் இருந்த இடத்திலிருந்து 'கிரெசென்ட்' பார்க்கவில்லை. செட்டியார் சாதி இந்துக்களின் உலகத்துக்குள் நின்று பேசியவர். அந்த எல்லையைச் சொல்லாமல் அவரைப் புகழ்ந்தால் பாதிக் கதைதான் சொன்னதாகும்.

மதத்திலிருந்து விவசாயி பிரச்சினைக்கு எப்படி வந்தார்?

ஒரு தேதிதான் அவரை அங்கே கொண்டுபோனது: 1853.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தியாவை ஆளும் உரிமையை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 20 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டிருந்தது. 1793, 1813, 1833, அடுத்தது 1853. குத்தகை முடியும் நேரத்தில்தான் குத்தகைக்காரனைப் பற்றிக் குறை சொன்னால் நிலத்துக்காரன் காதில் விழும். வியாபாரிக்கு இது தெரியாதா?

1851-இல் கல்கத்தாவில் பிரிட்டிஷ் இந்தியன் அசோசியேஷன் தொடங்கியது. அதன் கிளையாகச் சென்னையில் 1852 பிப்ரவரியில் சங்கம் அமைந்தது. ஆனால் கல்கத்தாவில் குரல் ஓங்கியிருந்தவர்கள் ஜமீன்தார்கள். சென்னையில் பெரும்பகுதி நிலம் ரைத்துவாரி முறையில், விவசாயியே நேரே வரி கட்டும் ஏற்பாட்டில், இருந்தது. கஷ்டமே வேறு, மனுவும் வேறாகத்தானே இருக்கும்? சீக்கிரமே சென்னைச் சங்கம் தனியாகப் பிரிந்து தன் மனுவைத் தானே எழுதியது. அதே ஆண்டு ஆகஸ்டில் பம்பாயிலும் ஒரு சங்கம் எழுந்தது.

அந்த மனுவில் அப்படி என்ன இருந்தது?

நான் இந்த மனுவை ஒரு வியாபாரியின் ஐந்தொகை என்றே சொல்வேன். எவ்வளவு வாங்கினாய், பதிலுக்கு என்ன செய்தாய் என்று அரசாங்கத்திடம் கணக்குக் கேட்கும் காகிதம் அது.

முதல் குறை நிலவரி. ரைத்துவாரியில் நடுவில் ஜமீன்தார் கிடையாது, விவசாயி நேரே சர்க்காருக்குக் கட்டுவான். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் தீர்வையைப் பணமாக நிர்ணயித்தது தானிய விலை நன்றாக இருந்த காலத்தில். 1820-களின் நடுவிலிருந்து 1850-களின் தொடக்கம் வரை விலை விழுந்து கிடந்தது. முன்பு பத்து மூட்டை விற்றுக் கட்டிய கிஸ்திக்கு இப்போது பதினைந்து மூட்டை வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலம் அதே நிலம், மழையும் அதே மழை. ஆண்டுதோறும் வரிக்கணக்குப் பார்க்கும் ஜமாபந்தியில் தள்ளுபடி கேட்கலாம். ஆனால் அது ஊர்க் கணக்குப்பிள்ளையான கர்ணம் எழுதும் கணக்கையும் தாசில்தார் மனதையும் பொறுத்தது.

அடுத்தது மோதர்பா என்ற தொழில் வரி. தறிக்கு வரி, கடைக்கு வரி, கைத்தொழில் செய்பவனுக்கு வரி. மில் துணி கப்பலில் வந்து குவிந்து நெசவாளியின் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டிருந்த நாளில் அவன் தறிக்கும் வரி கேட்டார்கள். உப்பு 1805 முதலே சர்க்கார் ஏகபோகம்.

பிறகு சாலை, பாசனம். வாங்கிய வரியில் இவற்றுக்குத் திரும்பி வந்தது சொற்பம் என்றார்கள். நீதிமன்றங்கள் மெதுவாக நடக்கின்றன, செலவு தாங்கவில்லை என்றார்கள். பள்ளிகள் போதாது என்றார்கள். இந்த ஊரை ஆளும் சபைகளில் இந்த ஊர்க்காரர்களும் உட்கார வேண்டும் என்றார்கள். 1852-இல் இதைக் கேட்கத் தனித் துணிச்சல் வேண்டும்.

சூயஸ் கால்வாய் வெட்டப்படாத காலம். மனு கப்பலில் சூயஸ் வரை போய், அங்கிருந்து தரைவழியாக எகிப்தைக் கடந்து, மறுபடி கப்பலேறி இங்கிலாந்து சேர வேண்டும். போய்ச் சேர்ந்தது. 1853-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது.

பலன் கிடைத்ததா?

நேரடியாகப் பார்த்தால் கொஞ்சம்தான். 1853-ஆம் ஆண்டுச் சட்டம் கம்பெனிக்கு ஆட்சியைத் தொடரக் கொடுத்தது. ஆனால் பழையபடி 20 ஆண்டு என்று கெடு வைக்கவில்லை, நாடாளுமன்றம் நினைத்தால் எப்போதும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது. சிவில் சர்வீஸுக்குப் போட்டித் தேர்வும் அப்போதுதான் வந்தது. தேர்வு நடப்பது லண்டனில் என்பதால் இங்கிருப்பவனுக்கு அது எட்டாக்கனி.

மனு ஒரு கதவைத் திறந்துவிட்டது என்னவோ உண்மை. 1853-இல் லண்டனில் 'இந்தியா சீர்திருத்தச் சங்கம்' என்ற ஒன்றை நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் தொடங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவரான ஹென்றி டான்பி சீமோர் அதே ஆண்டு அக்டோபரில் சென்னைக்கே வந்து இறங்கினார்.

சீமோர் வந்து என்ன செய்தார்?

செட்டியார் அவரைக் கோட்டைக்குள் விருந்து சாப்பிட விடவில்லை, உள்ளூர் மாவட்டங்களுக்கு அழைத்துக்கொண்டு போனார். அன்று ரயில் கிடையாது. சென்னை மாகாணத்தில் முதல் ரயில் 1856-இல்தான் ராயபுரத்திலிருந்து ஓடியது. வெள்ளைக்கார உறுப்பினர் ஒருவரைக் கிராமங்களுக்குக் கூட்டிப்போய், வரி எப்படி வசூலாகிறது என்பதை விவசாயிகளின் வாயாலேயே கேட்க வைப்பது பணமும் பொறுமையும் கேட்கும் வேலை. இரண்டையும் செட்டியார் கொடுத்தார்.

அவருடைய வாழ்க்கையிலேயே பெரிய காரியம் எது என்று கேட்டால் நான் இந்தப் பயணத்தைத்தான் சொல்வேன். ஊர் திரும்பிய சீமோர் 1854 ஜூலையில் நாடாளுமன்றத்தில் எழுந்து, சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கச் சித்திரவதை செய்கிறார்கள் என்று பேசினார். கம்பெனிக்காரர்கள் கொதித்தார்கள், அப்படி எதுவும் கிடையாது என்று மறுத்தார்கள். விசாரிக்காமல் இருக்க முடியாத நிலை வந்தது.

சித்திரவதைக் கமிஷன் என்பது இதுதானா?

இதுதான். சென்னை அரசாங்கம் 1854-இல் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவரை அமர்த்தியது. நார்ட்டன் சென்னையில் பெயர்பெற்ற வழக்கறிஞர். புகார் சொல்ல வருகிறவர்கள் வரலாம் என்று அறிவித்தார்கள். நூறு மைலுக்கு மேல் நடந்து சென்னைக்கு வந்து சேர்ந்தவர்கள் உண்டு. 1855 ஏப்ரலில் அறிக்கை வந்தது. சித்திரவதை நடப்பது உண்மை என்று கமிஷனே எழுதியது.

அறிக்கையில் வரும் சொற்கள் நம் சொற்கள். 'கிட்டி' என்று ஒன்று வருகிறது. கிட்டிப்புள் விளையாட்டில் வரும் கிட்டி வேறு, இது வேறு. இரண்டு குச்சிகளை ஒரு முனையில் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். நடுவில் விரல்களை வைத்து மறுமுனையை அழுத்துவார்கள். கைக்கு, காலுக்கு, உடம்பின் எந்தப் பாகத்துக்கும் இதைப் போட்டார்கள்.

இன்னொன்று 'அண்ணாந்தாள்'. ஆளைக் குனியவைத்து, கழுத்தைச் சுற்றி ஒரு துணியைப் போட்டு, அதைக் கால் விரல்களுக்கு அடியில் கொண்டுவந்து இறுக்கிக் கட்டிவிடுவார்கள். நிமிரவும் முடியாது, உட்காரவும் முடியாது. கயிறு இல்லையென்றால் அவன் துணியே போதும். காலையில் வயலுக்குப் போகும்போது தோளில் போட்டுக்கொண்ட துணியில் மத்தியானம் கச்சேரி (சர்க்கார் அலுவலகம்) வாசலில் கட்டுண்டு கிடப்பான். வெயிலில் மணிக்கணக்காக நிறுத்துவது, குனிந்த முதுகில் கல்லை ஏற்றுவது, சோறு தண்ணீர் கொடுக்காமல் வைத்திருப்பது, இன்னும் எழுதக் கை கூசுகிறவையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

ஏன் இப்படி நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கிஸ்தி வசூலிக்கிற தாசில்தார்தான் அந்த வட்டாரத்துப் போலீஸ் அதிகாரியும். பாக்கி கேட்டு வருகிற அதே சேவகன்தான் குற்றம் நடந்தால் பிடிக்க வருகிறவனும். அடித்தவனைப் பற்றி அடித்தவனிடமே போய்ப் புகார் சொல்ல வேண்டும். கலெக்டரிடம் போகலாம் என்றால் அவர் பல நாள் நடை தூரத்தில் இருப்பார். போய்ச் சேர்ந்தாலும் மனுவை உள்ளே அனுப்புகிறவன் கச்சேரிச் சிரஸ்தார், அதாவது தலைமை எழுத்தர். அவனும் தாசில்தாரும் வேண்டப்பட்டவர்கள். நியாயம் கேட்டுப் போய்ச் சேருவதே இவ்வளவு கடினமாக இருக்கிறதே என்று கமிஷனர்களே வருத்தத்தோடு எழுதினார்கள்.

அறிக்கை வந்ததும் யாருக்காவது உறைத்ததா?

அறிக்கை பழியை முழுக்க உள்ளூர்ச் சேவகர்கள் மீது போட்டது, ஐரோப்பிய அதிகாரிகளுக்குச் சம்பந்தமில்லை என்றது. எனக்கு இது ஏற்புடையதில்லை. வரியின் அளவை நிர்ணயித்தவர்கள் யார், வசூலானதா என்று ஒவ்வொரு தவணையும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் யார்? எப்படி வசூலானது என்று மட்டும் அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

இருந்தாலும் ஒரு பெரிய மாற்றம் வந்தது. வருவாய் அதிகாரியிடமிருந்து போலீஸைப் பிரித்துத் தனித் துறையாக ஆக்கும் சட்டம் 1859-இல் சென்னை மாகாணத்துக்காக நிறைவேறியது. 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டம் அது. நம் மாவட்டப் போலீஸ் அமைப்பின் வேர் அங்கே இருக்கிறது.

ஒரு சுவையான செய்தியும் உண்டு. 1857 செப்டம்பரில் நியூயார்க்கின் 'டெய்லி டிரிபியூன்' நாளேட்டில் இந்தியாவின் சித்திரவதைகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதில் இந்த அறிக்கையிலிருந்து எடுத்துக் காட்டியிருந்தார்கள். எழுதியவர் கார்ல் மார்க்ஸ். சென்னைத் துணி வியாபாரி கிளப்பிய புகார் எங்கே போய்ச் சேர்ந்தது பாருங்கள்!

1857 கிளர்ச்சியின்போது இவர் எந்தப் பக்கம்?

சென்னை மாகாணம் அப்போது பெரும்பாலும் அமைதியாகவே இருந்தது. செட்டியார் ஆயுதம் எடுக்கச் சொன்னவர் இல்லை. கம்பெனி ஆட்சி வேண்டாம், ராணியும் நாடாளுமன்றமும் நேரடியாக ஆளட்டும் என்பது சங்கத்தின் கோரிக்கை. அப்படிக் கேட்டுப் பதினாலாயிரம் பேர் கையெழுத்தோடு ஒரு மனு போனது. பெரும்பாலானோருக்கு எழுதப் படிக்கத் தெரியாத காலத்தில் பதினாலாயிரம் பேரிடம் விஷயத்தைச் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். 1858-இல் கம்பெனி ஆட்சி முடிந்தது. கிளர்ச்சிதான் அதற்குக் காரணம், ஆனால் கோரிக்கை ஏற்கனவே எழுத்தில் இருந்தது.

"அப்படியானால் வெள்ளைக்காரனுக்கு விசுவாசிதானே?" என்று பிள்ளைகள் மடக்குவார்கள். விடுதலை என்ற சொல்லே அரசியலில் புழங்காத நாளில் வாழ்ந்தவரை அந்தச் சொல்லால் அளக்கக்கூடாது என்றுதான் சொல்வேன். ஆளுகிறவன் கணக்குக் காட்டியாக வேண்டும், காட்டாவிட்டால் அவனுக்கு மேலே இருப்பவனிடம் போவேன் என்று நின்றவர் அவர். அடி வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்த ஊரில் அது பெரிய மாற்றம்.

சட்டசபை உறுப்பினராக என்ன சாதித்தார்?

1861-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாகாணச் சட்டசபைகளில் சில இந்தியர்களை நியமிக்க வழி வந்தது. செட்டியார் 1863-இல் நியமனமானார். சி.எஸ்.ஐ. என்ற 'ஸ்டார் ஆஃப் இந்தியா' பட்டமும் கொடுத்தார்கள். தேர்தல் கிடையாது. கேள்வி கேட்கவோ வரவு செலவைப் பற்றி விவாதிக்கவோ உறுப்பினருக்கு உரிமை இல்லை. அவையும் சில நாட்களே கூடும். அவர் உண்மையில் அரசியல் செய்த காலம் அவைக்கு வெளியே, அதற்கு முந்தைய இருபது ஆண்டுகள். ஊர்க்காரர்களும் சபையில் உட்கார வேண்டும் என்று 1852-இல் கேட்டவர்களில் ஒருவர் 11 ஆண்டு கழித்துத் தானே போய் உட்கார்ந்தார் என்பது மட்டும் மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

பணம் எல்லாம் எங்கே போனது?

பொதுக்காரியத்தில். பத்திரிகை நடத்துவது அன்றும் கையைக் கடிக்கும் தொழில். அச்சுக்கூடம், ஆசிரியர் சம்பளம், காகிதம் எல்லாம் அவர் பொறுப்பு. அதோடு மனுக்கள், கூட்டங்கள், லண்டனுக்குக் கடிதப் போக்குவரத்து, வந்தவர்களை ஊர் ஊராகக் கூட்டிப்போகும் செலவு. முதலை எடுத்துச் செலவழித்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. 1868-இல் வறுமையில் இறந்தார்.

சங்கம் என்ன ஆயிற்று?

உள்ளுக்குள் பிளவு முன்பே வந்துவிட்டது. சமூகச் சீர்திருத்தமும் படிப்பும்தான் முதலில் வேண்டும் என்றவர்கள் 1850-களிலேயே விலகித் தனி அமைப்பு வைத்துக்கொண்டார்கள். செட்டியார் அரசியல் குறைகளை முன்னால் வைத்தார், சாதி ஆசாரங்களில் கைவைக்க விரும்பவில்லை. பிரிந்துபோனவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. 1860-களில் சங்கம் ஓய்ந்துபோனது. அதற்கப்புறம் 1878-இல் 'தி இந்து' பத்திரிகையும் 1884-இல் சென்னை மகாஜன சபையும் வந்த பிறகுதான் சென்னையில் மறுபடி அரசியல் சூடு பிடித்தது.

இவ்வளவு செய்தவரை ஏன் மறந்துவிட்டோம்?

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நம் பாடப்புத்தக அரசியல் 1885-இல் காங்கிரஸோடு தொடங்குகிறது, அதற்கு முன்னால் நடந்தது முன்னுரையாகச் சுருங்கிவிடுகிறது. அவருடைய பத்திரிகை ஆங்கிலத்தில் வந்தது, அதனால் தமிழ் இதழ்களின் வரலாற்றிலும் அவருக்கு இடமில்லை, தெலுங்கிலும் இல்லை. சிறை போகவில்லை, சுடப்படவில்லை. கடையை விற்று மனுப் போட்டவரைப் பற்றிக் கதை கட்டுவது கஷ்டம்.

மேலும் தெரிந்துகொள்ள எங்கே போவது?

1855-ஆம் ஆண்டுச் சித்திரவதைக் கமிஷன் அறிக்கையிலிருந்து தொடங்குங்கள் என்பேன். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அந்தக் காலத்து வருவாய்த்துறைப் பதிவுகளைத் தேடலாம். அறிக்கையின் முன்பகுதியை விடப் பின்னிணைப்புகள் முக்கியம். கலெக்டர்கள், மிஷனரிகள், வியாபாரிகள் எழுதிய பதில்கள் அங்கேதான் இருக்கின்றன. செட்டியாரின் பேரைத் தேடிக்கொண்டு போகாதீர்கள். உங்கள் மாவட்டத்தின் பேரைத் தேடுங்கள். என்னோடு நடந்துவந்த பெண் ஒருத்தி அப்படித் தேடி, தன் சொந்த மாவட்டத்திலிருந்து ஒரு கலெக்டர் எழுதிய கடிதத்தைக் கண்டுபிடித்தாள். 'கிட்டி' என்ற சொல் வந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, வெகுநேரம் அடுத்த பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தாள்.